ஐந்து மீற்றர் பிழை

சீட்டு எடுத்த காசு நாற்பத்தெட்டாயிரம்.
அதற்குள் ஒரு வழிகாட்டி வேண்டும் எனக்கு:
சைக்கிள் கைபிடியில் உட்காரவும் வேண்டும்,
மலையில் கழுத்தோடு தொங்கவும் வேண்டும்.

பம்பலப்பிட்டிக் கடைத்தொகுதி, மூன்றாம் மாடி,
ஏசி எட்டாத மூலையில்
இஃப்லால் சிரித்தான்.
"சைக்கிளுக்கு ஒண்டு, நடைக்கு ஒண்டு அக்கா.
ரெண்டுக்கும் ஒண்டே எண்டா
வெல ஒண்டு நாப்பது."
ஒன்று நாற்பது என்றால்
ஓர் இலட்சத்து நாற்பதாயிரம்.
பூச்சியங்களை வாய்விட்டுச் சொல்ல
வெட்கப்படுகிற ஊராகிவிட்டது இது.

கண்ணாடிக்குள் படுத்திருந்தது அது,
தொட்டால் நகரும் வண்ணத் திரையோடு.
தொட்டால் நகரும், சரி.
நக்கிள்ஸ் மழையில் என் விரல் விரலாக இராது,
ஊறின பயற்றங்காய்.
போன மார்கழி அங்கேதான்
என்னை ஒரு பிறவியாகவே மதிக்காமல்
மரத்துக் கிடந்தது போன்.
பதினொரு வீதம் இருந்த பற்றரி
ஒரு மிடறு குளிருக்கே உயிரை விட்டது.
நாங்கள் நால்வர். முன்னாலும் வெள்ளை, பின்னாலும் வெள்ளை.
ஷெஹானி தன் காலில் ஏறின அட்டைகளை
சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள்,
பயத்துக்கு ஒரு வேலை கொடுக்க.

ஆகவே தெரியும் எனக்கு.
ஈரக் கைக்கும் பணிகிற பொத்தான்.
மீமுரேயின் கடைசிப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற
பென்சில் பற்றரி இரண்டு.
மரக்கூரைக்குக் கீழும் செய்மதியை விடாத பிடி.
காலி வீதிக் குழிகளில் கழன்று தெறிக்காத கொளுவி.
என் இதயத்துடிப்பை அது எண்ண வேண்டாம்.
ஏற்றத்தில் அது எனக்கே கேட்கும்.

மேசைக்குக் கீழே குனிந்து ஒன்றை எடுத்தான்.
யாரோ விற்றுப்போனது. மூலையில் ரப்பர் உரிந்து,
சாம்பல் திரையில் ஒரு கீறல்.
முப்பத்தொன்பது, முப்பத்தாறுக்கு இறங்கியது.
கொளுவி இனாம்.
"அஞ்சு மீற்றர் பிழை காட்டும் அக்கா,
அதுக்கு மேல இல்ல."

எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில்
ஐந்து மீற்றர் என்பது
சந்திரவதனி வீட்டுக் குளியலறை.
காலிமுகத்திடலில், கடல்.
மலை விளிம்பில் என்னவென்று
அவனிடம் கேட்கவில்லை.

அடையாள அட்டை இல்லாமல்
பாண் வாங்கவும் இறங்காத வருடங்கள் இருந்தன.
அண்ணாவின் பையில் ஒரு காகிதம்,
ரியூஷன் வகுப்புக்கு வழி, பென்சிலில் கீறியது.
இரண்டு இரவு அது பொலிஸ் நிலையத்தில் இருந்தது,
அவனும்.
அதன்பிறகு எங்கள் வீட்டில் எவரும்
கோடு கீறி வழி சொன்னதில்லை.
நேரே போ, போய்க் கேள், அவ்வளவுதான்.

ரயில் பாதையோரம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு
கருவியை எழுப்பினேன்.
வானத்தைத் துழாவ நான்கு நிமிடம் எடுத்தது.
நான்கு நிமிடமும், ஏனோ,
இரண்டு கையும் வெளியே தெரிய நின்றேன்.
பாணந்துறை ரயில் ஒன்று உப்பை வாரி அடித்துப் போனது.
பிறகு திரையில் ஒரு கறுப்பு முக்கோணம்.
எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கவில்லை.
யாரிடம் போகிறாய் என்றும் கேட்கவில்லை.
இங்கே நிற்கிறாய் என்றது.
கடல்மட்டத்துக்கு இரண்டு மீற்றர் கீழே என்றும் சொன்னது.
அது பொய். மன்னித்தேன்.

உள்ளே பழையவரின் புள்ளிகள் பதினேழு,
சிங்களச் சொற்கள், ஆங்கில எழுத்தில்.
தமிழும் இதில் அப்படித்தான் ஏறவேண்டும்,
ழகரத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு.
'கெதர', கடுவலையில் ஒரு குறுக்கு வீதி.
'வத்துர', ஹோட்டன் சமவெளிக்குக் கீழே எங்கேயோ.
அவிசாவளைக்கு இப்பால் ஒரு வளைவில்
'பல்லா'.

கடிக்கிற நாயாகத்தான் இருக்கவேண்டும்.
நல்ல நாயை யார் இவ்வளவு துல்லியமாகக் குறித்துவைப்பார்?

அவர் வீட்டை அழித்தேன்.
மற்றவற்றையும் ஒவ்வொன்றாக.
தண்ணீரையும் நாயையும் வைத்துக்கொண்டேன்.
ஞாயிறு அந்த வழியாகத்தான் போகிறோம்.